கடைசி வரியில் மட்டும் தவறு

முடி வெட்டிக்கொள்ள நான் புதன்கிழமைகளில்தான் போவேன். அன்றைக்குத்தான் எங்கள் தெருமுனைக் கடையில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். நான் அட்டையை நீட்டினால் முடிதிருத்துபவர் வாங்கி, அதிலிருக்கும் தலையையும் கண்ணாடியில் தெரியும் தலையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"சார், உங்க தலையில இருக்கிற முடிக்கு நியாயமா நான் பாதிதான் வாங்கணும். அதுல மாணவர் சலுகை வேறயா?"

காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் சிரிக்கத் தெரியாத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் பாதிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வருவேன்.

நீங்கள் கல்லூரியிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் அதிகாரி. இது நீங்கள் வருகிற முதல் தடவையும் இல்லை. முந்தைய தடவைகளில் எனக்கு நினைவில்லை என்று சொல்லி அனுப்பினேன். இன்று நினைவிருக்கிறது. உட்காருங்கள் அம்மா. மின்விசிறியைக் கூட்டிவைக்கிறேன், இந்தக் கிடங்கில் தூசி அதிகம்.

என் வேலை எடை மேற்பார்வை. சரக்கு வண்டி அந்த இரும்பு மேடையில் ஏறி நின்றால் இங்கே எண் விழும். எண் விழுவதைப் பார்க்க யாராலும் முடியும். எடையைக் கூட்டிக் காட்ட ஓட்டுநர் இறங்காமல் உள்ளேயே குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா, மூட்டையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நனைத்த மூட்டையை மோந்தே சொல்லிவிடுவேன். இதுவரை ஒருவரையும் நான் போனால் போகிறதென்று விட்டதில்லை. காலையிலிருந்து மாலைவரை முழுநேர வேலை. சம்பளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலையில் நான் மாணவன்.

மற்றவர்கள் படிக்கிற வயதில் நான் இதே கிடங்கில் மூட்டை தூக்கினேன். அப்போதைய முதலாளியின் மகனுக்கு என் வயது. கழுத்தில் கல்லூரி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். பேருந்தில் பாதி, திரையரங்கில் பாதி, சாப்பாட்டுக் கடையில் பாதி. வசதி இருந்தவனுக்கு எல்லாம் பாதி விலை. முதுகு தேய்ந்துகொண்டிருந்த எனக்கு எல்லாம் முழு விலை. அந்த வயதில் எனக்கு வரவேண்டியதை யாரோ தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் அம்மா. நான் வட்டிகூடக் கேட்கவில்லை. அசலைத்தான் வசூலித்துக்கொண்டிருந்தேன்.

அதற்காகத்தான் மாலைக் கல்லூரியில் வணிகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே எழுதித் தேறினேன், புள்ளியியலைத் தவிர. ஒரு தாள் நிலுவையில் இருக்கும்வரை ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது உங்கள் கல்லூரியின் விதி. பதிவு இருந்தால் அட்டை உண்டு. சம்பளம் வாங்குகிறாயா என்று எந்த விதியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் கேலி செய்வார்கள். "மாணவரே, படிச்சுக் கிழிச்சது போதும், குழாய் ஒழுகுது, வந்து பாருங்க" என்பாள் என் மனைவி. என் மகள் நிஜமான கல்லூரியில் நிஜமாகப் படிக்கிறாள். "அப்பா, தியேட்டர்ல என் ஃப்ரெண்ட்ஸ் இருந்தா அந்தக் கார்டை எடுக்காதீங்க, ப்ளீஸ். நான் ஸ்டூடண்டா வரேன், நீங்க அப்பாவா வாங்க." நான் எடுத்தேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு படம் பார்க்க வரவில்லை. செலவு இன்னும் குறைந்தது.

தோற்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். வெறும் தாளைக் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். கண்டபடி கிறுக்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது. எண்களோடு பழகியவன் நான், அவற்றை அசிங்கப்படுத்த என்னால் முடியாது. அதனால் ஒவ்வொரு கணக்கையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டே வந்து, கடைசி வரியில் மட்டும் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடுவேன். பழைய தேர்வாளர் விடையை மட்டும் பார்ப்பவர். விடை தவறென்றால் சிவப்புக் கோடு, அடுத்த தாள். எங்களுக்குள் ஒரு சிக்கலும் இல்லை.

அவர் ஓய்வு பெற்றதும் அந்த மேடம் வந்தார்.

கனத்த உடம்பு. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதியில் நின்று மூச்சு வாங்குவார். ரத்த அழுத்தம். வகுப்பில் எல்லோரையும் 'வாப்பா', 'சொல்லும்மா' என்பார், என்னை மட்டும் 'சார்' என்பார். வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடுவார். எங்களுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று முன் வரிசையில் பேசிக்கொண்டார்கள். பேனா கொண்டுவராதவர்களுக்காகக் கைப்பையில் பேனாக்களைப் போட்டுவைத்திருப்பார். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்காது. அவர்கள் கொடுப்பதை வாங்கினால் ஏதோ கடன்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

முன் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைத் துடைத்து, தூக்கி, திருப்பிப் படுக்கவைக்கும் உதவியாளர். முழுநேர வேலை. வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருவாள், வந்ததிலிருந்து கொட்டாவி விடுவாள். 'கொட்டாவி' என்று நான்தான் பெயர் வைத்தேன். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"என்ன பண்றதுண்ணா, வாயை மூடினா கண்ணும் சேர்ந்து மூடிக்குது."

இந்தப் பட்டயம் கிடைத்தால் மருத்துவமனை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் இடுப்பு போய்விட்டது. நாற்காலி போட்ட வேலை ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவளுக்கும் மிச்சமிருந்த தாள் புள்ளியியல். கணக்கு வரும், ஆனால் தூக்கக் கலக்கத்தில் கூட்டலில் தடுமாறுவாள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து ஒரே பேருந்தில் ஏறினோம். நான் அட்டையைக் காட்டி அரைச் சீட்டு வாங்கினேன். அவள் முழுச் சீட்டு கேட்டாள். நடத்துநர் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஏம்மா, நீயும் அந்தக் காலேஜ்தானே? கார்டு இல்லையா?"

"இருக்குண்ணா. நான்தான் சம்பளம் வாங்குறேனே. அது கையில காசில்லாம படிக்கிற புள்ளைங்களுக்கு."

நடத்துநர் அவளுக்கு முழுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் தலையைப் பார்த்தார், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நகர்ந்தார்.

அவள் என்னைக் குத்திக்காட்ட அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். நான் பக்கத்தில் நிற்பதே அவள் நினைவில் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"சட்டப்படி நீ மாணவி. உன் உரிமையை எதுக்கு விட்டுக்குடுக்கறே?" என்று கேட்டேன்.

"விட்டுக்குடுக்கலைண்ணா. எனக்கு வேணாம், அவ்வளவுதான்."

"அப்ப எடுக்கிறவங்க எல்லாம் திருடனுங்களா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முகம் மாறிவிட்டது. "ஐயோ, உங்களைச் சொல்லலைண்ணா. உங்களுக்கு வீட்டுல என்ன செலவோ, என்ன கஷ்டமோ. நீங்க எடுக்கிறதுல ஒண்ணும் தப்பில்லை" என்றாள்.

மருத்துவமனையில் மலச்சட்டி எடுக்கிறவள் எனக்குக் கஷ்டம் இருக்கும் என்று இரக்கப்பட்டாள். இறங்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன். நடந்தால் எனக்குக் கோபம் தணியும். அன்று தணியவில்லை.

பிறகு அந்த மாடிப்படி. வகுப்பு தொடங்கும் முன் நான் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் படியில் மேடம் மூச்சு வாங்க நின்றிருந்தார். கொட்டாவி ஒரு காகித உறையை அவர் கையில் வைத்தாள்.

"உங்க பிரஷர் மாத்திரை மேடம். என் ஸ்டாஃப் கார்டுல வாங்கினேன். பாதி விலைதான்."

"அது உன் வீட்டு ஆளுங்களுக்குன்னு குடுத்த கார்டும்மா. எனக்கு எதுக்கு வாங்கினே?"

"நீங்க போன வாரம் மாத்திரை தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு, வாங்கவே இல்லையே. படியேறும்போது பாத்தா பயமா இருக்கு."

"மறதிடி. சரி, காசைப் பிடி. மொதல்ல பிடி. வாங்கலைன்னா இந்த மாத்திரையும் எனக்கு வேணாம். இனிமே இப்படிச் செய்யாதே, என்ன?"

மேடம் பணத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். நான் குழாயை அடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பேருந்தில் முழுச் சீட்டு வாங்கியவளும் தனக்கு உரிமையில்லாத இடத்தில் சலுகை எடுப்பவள்தான். அவளும் நானும் ஒரே எடை. அன்றோடு அதை மறந்திருப்பேன். நான் வம்பு வளர்க்கிறவன் இல்லை.

ஆனால் தேர்வு முடிவு வந்தது. மேடம் வகுப்புக்குள் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எழுந்திருங்க. எல்லாரும் சாரைப் பாருங்கப்பா. இத்தனை வருஷமா இந்த ஒரு தாளோட போராடியிருக்காரு. நான் உக்காந்து வரி வரியா படிச்சேன். ஒவ்வொரு கணக்கும் கடைசி வரிவரைக்கும் சரி. கடைசில வந்து பதறிடறாரு. பரீட்சை பயம். பாவம், மேல இருக்கிற எதையும் இதுவரைக்கும் யாரும் படிச்சுப் பாக்கலை. ஒவ்வொரு படிக்கும் மார்க் போட்டேன். சார் பாஸ்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கொட்டாவி எழுந்து நின்று தட்டினாள். அவளும் அதே படிமதிப்பெண்ணில் தேறியிருந்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அட்டையை அந்த வாரமே அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும். ஆனால் அந்த நிமிடத்தில் அட்டை என் நினைவில் இல்லை. வகுப்பு முழுக்க என்னைப் பாவமாகப் பார்த்தது. பயந்தவன், பதறுகிறவன், ஒருவர் கைகொடுத்துக் கரையேற்றிய ஆள். அந்தத் தாளில் இருந்த கணக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன் நான்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், எனக்குத் தகுதியில்லாத மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், மறுபடி திருத்துங்கள் என்று மனுக் கொடுத்தேன். எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மார்க்கைக் கூட்டுங்கன்னு அழுதவங்களைத்தான் சார் பாத்திருக்கேன். குறைங்கன்னு வந்தவரு நீங்க ஒருத்தர்தான். உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா போதும் சார் நாட்டுக்கு."

அவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஒருவருக்கு மட்டும் திருத்த முடியாது என்பதால் மொத்த வகுப்பின் தாள்களையும் எடுத்தார்கள். பழைய முறைப்படி விடையை மட்டும் பார்த்துத் திருத்தினார்கள். நான் தோற்றேன். கொட்டாவியும் தோற்றாள். இவ்வளவு தாராளமாக மதிப்பெண் போட்டது ஏன் என்று ஒரு குழு கூடியது. மனுக் கொடுத்தவன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

"ஏன் இப்படிப் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணு மேடம் கையில ஒரு உறை குடுத்ததை மட்டும் பாத்தேன்" என்றேன்.

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உறைக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. பணம் யாராவது கொடுத்தார்களா என்றும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டார்கள். அவள் மறைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பேருந்திலேயே அவளை எடைபோட்டுவிட்டேனே. மாத்திரை என்றாள். எங்கே வாங்கினாய் என்றார்கள். ஊழியர் அட்டையில் என்றாள், ரசீதையும் காட்டினாள். மேடம் காசு கொடுத்துவிட்டார் என்றும் சொன்னாள். அதற்கு மட்டும் சாட்சி இல்லை. மாணவியிடம் பொருள் பெற்றார் என்று மேடத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். குடும்பத்துக்கான சலுகையை வெளியாளுக்குப் பயன்படுத்தினாள் என்று மருத்துவமனை அந்தப் பெண்ணை வெளியே அனுப்பியது. அவள் உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும், பொய் சொன்னால் மேடத்தின் வேலை போகும், அவள் உண்மைதான் சொல்வாள், சொன்னாலும் இரண்டும் போகும். குழுவின் முன் உட்கார்ந்திருந்தபோதே இதை மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தேன். கடைசி வரியையும் சேர்த்து நான் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினால் அது தவறுதானே. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

என் மனைவிக்கு இது எப்படியோ தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. 'மாணவரே' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். இப்போது என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். என்ன கோபம் என்று கேட்டேன். "எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு" என்றாள். இதற்கு என்ன பொருள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும். அட்டைதான் வேண்டுமென்றால் வேறொரு கல்லூரியில் வேறொரு படிப்பில் சேர்ந்திருக்கலாமே, எதற்கு இவ்வளவும்? அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. மனுக் கொடுக்க நின்ற வரிசையிலேயே, எதிர்ச் சுவரில் வேறு கல்லூரிகளின் சேர்க்கை விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. அவற்றைப் படித்தேன். படித்துவிட்டு வரிசையில் நின்றேன்.

இப்போது சேர்ந்துவிட்டேன். புதிய அட்டை நேற்றுதான் கைக்கு வந்தது. அதுவரை உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பழைய மதிப்பெண்களை மீட்டுக்கொடுத்திருப்பீர்கள், நானும் தேறியவனாகி, கையில் அட்டை இல்லாமல் நின்றிருப்பேன். இனி சொல்வதில் எனக்கு நஷ்டமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். உறையில் இருந்தது ரத்த அழுத்த மாத்திரை. மேடம் அதற்குப் பணம் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கத் தயங்கியும் விடாமல் கொடுத்தார். நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.

மேடத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள். நல்லது. அந்தப் பெண்ணுக்குப் பட்டயம் கிடைக்கும், ஆனால் அந்த நாற்காலியில் வேறு யாரையோ உட்காரவைத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அவள் இப்போது ஒரு வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் ஒருவரைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறாள், மேடத்தின் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இடுப்புக்கு அந்த வேலை நல்லதில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் சரி அம்மா. கிளம்பும் நேரத்தில் நீங்கள் ஒன்று சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்களாம். என்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றாராம். "அவரு பயந்த சுபாவம். அதட்டாம கேளுங்க. பரீட்சை பயம் இப்பவாவது போயிடுச்சான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாராம்.

வேலை போய், பெயர் போய், ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் அதைத்தான் நம்புகிறார். ஒரு வாக்குமூலத்தில் எது முக்கியமோ அது விட்டுப்போகக் கூடாது. அந்தத் தாளை இப்படித் தாருங்கள், நீங்கள் எழுதியிருக்கும் வரிசை சரியில்லை. மாத்திரையை மேலே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இதை எழுதுங்கள்: இவர் ஒருபோதும் பயந்ததில்லை, இவருக்கு எல்லாக் கணக்கும் தெரியும். அதை முதலில் எழுதுங்கள். மற்றதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.